கஸ்பார் வீட்டு அடுக்களையில் தங்கிய பாட்டு

உப்புக் காகங்கள் இசைக்குழுவின் புது ஆல்பத்தில் கடைசிப் பாட்டு முடியாது. நீளமான பாட்டு என்பதால் அப்படிச் சொல்லவில்லை. ஓடவிட்ட இடத்தில் அது தங்கிவிடும், ஸ்பீக்கரை அணைத்தாலும் வயரைப் பிடுங்கினாலும் பேசுகிற சத்தத்தில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் விஷயம். தூத்துக்குடியில் இன்றைக்குப் பல வீடுகளிலும் ஒரு மினி பஸ்ஸிலும் ஒரு சலூனிலும் அது இருக்கிறது, கோர்ட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையிலும் இருப்பதாகச் சொல்கிறார்கள், நான் போய்க் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால் இது எப்படி என்று நோண்டுகிறார்கள். எப்படி என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம்? ஆனால் எங்கள் ஊரில் மட்டும் ஏன் என்று கேட்டால் அதற்குப் பதில் இருக்கிறது.

காகங்கள் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்தக் குழு துறைமுகத் தொழிலாளர் ஆண்டுவிழாவில் முதன்முதலாக மேடையேறியபோது எங்களுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. கித்தார் அடித்துப் பாடுகிறவர் மிக்கேல் கர்வாலோ, டிரம்ஸ் அடிப்பவர் இன்னாசி, மற்றவர்கள் வருவார்கள் போவார்கள். மிக்கேல் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவார், இன்னாசி முன்ஜென்மப் பகை இருப்பதுபோல் அடிப்பார், ஒவ்வொரு பாட்டும் முடியும்போது இன்னாசி டிரம்ஸோடு நிற்கும் பித்தளைத் தட்டில் ஓங்கி ஒரு போடு போடுவார், மைதானத்தின் மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருப்பவனுக்குக்கூட ஆகா பாட்டு முடிந்துவிட்டது என்று தெரியும். அவர்களுடைய கிரேன் பாட்டில் 'தூக்கு, தூக்கு' என்று வரும் இடத்தில் மைதானம் முழுக்கக் கைகள் மேலே போகும், முதல் கை கஸ்பாருடையதாக இருக்கும். கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எங்கள் ரசிகர் மன்றத்தின் தலைவர், அந்தப் பாட்டு தன்னைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

காகங்களின் இரண்டாவது கேசட் வந்தபோது கஸ்பார் வீட்டில் கூடிக் கேட்டோம். நடுவில் யாரோ ஒரு சாப்பாட்டு ராமன், கறி வெந்துவிட்டது, சாப்பிட்டுவிட்டு மீதியைக் கேட்கலாம் என்று நிறுத்திவிட்டான். அந்த வாரமே இன்னாசி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதிலிருந்து மன்றத்தில் ஒரு வழக்கம் வந்தது: காகங்களின் புதுப் பாட்டை முதல்முறை கேட்கும்போது நடுவில் நிறுத்தக்கூடாது, கோயில் மணி அடித்தாலும் மாமனார் வந்தாலும் வீட்டில் பிரசவ வலி எடுத்தாலும் அதுவாக முடிகிறவரை ஒருத்தன் விரல் பொத்தானில் படக்கூடாது. சென்னையிலும் பெங்களூரிலும் இந்த வழக்கம் கிடையாது. அங்கே உள்ளவர்கள் புது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, புதிய முயற்சி என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு, அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள்தான் முடியட்டும் முடியட்டும் என்று காத்திருந்தோம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெகு வருடங்கள் கழித்துக் காகங்கள் ஆல்பம் போடுகிறார்கள் என்று கோயில் பூசை முடிந்த கையோடு மன்றமே கஸ்பார் வீட்டில் குவிந்தது. மன்றச் செயலாளர் பால்துரை, அவருக்குச் சொந்தமாக ஒரு மினி பஸ் ஓடுகிறது, பென் டிரைவைச் சட்டைப் பையில் நற்கருணை அப்பம்போலப் பத்திரமாகக் கொண்டுவந்தார். ஹாலில் பிளக் பாயிண்ட் கெட்டுப்போயிருந்ததால் ஸ்பீக்கரை அடுக்களை மேடையில், மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். கஸ்பாரின் மனைவி ரெஜினா அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். 'நீர்மட்டம்' என்று ஆல்பத்துக்குப் பெயர். முதல் பாட்டில் டிரம்ஸ் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. டிரம்ஸுக்குப் பதில் இன்னாசி உப்பளத்தில் உப்புக் குவியல்மீது சங்கிலியை மெதுவாக இழுத்ததைப் பதிவு செய்திருக்கிறார்களாம், அது பிறகுதான் தெரிந்தது. மிக்கேல் கத்தவில்லை, பல் வலிக்காரன்போல முனகினார். 'தூக்கு' என்று எங்கேயாவது வரும் என்று கையைத் தயாராக வைத்திருந்த கஸ்பார், மூன்றாவது பாட்டில் அந்தக் கையை மெதுவாக மடியில் இறக்கினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கடைசிப் பாட்டு தொடங்கியது, போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கறி வெந்து ஆறி மறுபடியும் சுடவைக்கப்பட்டது, ஆள் மாற்றி ஆள் சாப்பிட்டோம், சிலர் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டு எழுந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், யாரும் நிறுத்தவில்லை. சாயங்காலம் கரண்டு போனது. ஸ்பீக்கரின் நீல விளக்கு அணைந்தது. பாட்டு அணையவில்லை.

"இன்வெர்ட்டரு போட்டிருக்கீரா?" என்று கேட்டார் பால்துரை.

"எங்க வீட்ல டார்ச்சு லைட்டே கெடையாதுவே" என்றார் கஸ்பார்.

வர முடியாமல் அவரவர் வீட்டில் போட்டுக் கேட்டவர்களும் அன்று முழுக்க நிறுத்தவில்லை, ஆகவே அவரவர் வீட்டிலும் அது தங்கியது. பால்துரையின் ஓட்டுநர் பஸ்ஸில் போட்டிருந்தான், பஸ்ஸில் தங்கியது. மறுநாள் மின்வாரியத்து ஆள் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, இதற்கு யூனிட் ஓடவில்லை, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "பிசாசு மாதிரியும் தெரியல, ஜெபம் மாதிரியும் தெரியல. சகிச்சுக்கிடுங்க" என்று சொல்லி இரண்டு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு போனார். வீட்டுத் தரகர்கள் 'பாட்டு உள்ளது', 'பாட்டு இல்லாதது' என்று பிரித்துச் சொல்லப் பழகினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வசதிக்கு அடுத்தபடியாக அதைத்தான் விசாரித்தார்கள். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்தபோது ஒப்பாரிவைக்க வந்த பெண்கள் முதலில் முகம் சுளித்து, பிறகு குரலைக் கொஞ்சம் கீழே இறக்கி அதோடு சேர்த்துக்கொண்டார்கள், அழுகை அன்றைக்கு நன்றாகவே அமைந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். மினி பஸ்ஸில் டிக்கெட் சண்டை குறைந்தது. சலூனில் மட்டும் ஆட்கள் பாதிச் சவரத்தில் தூங்கி விழுந்தார்கள், இரண்டு பேருக்குக் காதோரம் வெட்டு.

ஊருக்குப் பாட்டு பழகிவிட்டது, மன்றத்துக்குத்தான் பழகவில்லை. இது காகங்களே கிடையாது, கிழட்டுக் காகம், மிக்கேலுக்கு மூச்சு போய்விட்டது, அதை மறைக்கத்தான் இந்தப் பம்மாத்து என்றது ஒரு கூட்டம், அதற்குத் தலைவர் கஸ்பார். இத்தனை வருடம் கத்தியவர்கள் இப்போதுதான் வாய் திறந்து பேசுகிறார்கள், கேட்கத் துப்பில்லாதவன் காதைக் கழுவிக்கொண்டு வரட்டும் என்றது இன்னொரு கூட்டம், அதற்குப் பால்துரை. நான் கஸ்பார் கட்சி, அதை ஒளிப்பதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை, அந்தப் பாட்டு எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. பொதுக்குழு கூடியது, நாற்காலி பறந்தது, மன்றம் இரண்டானது. 'தலைமை ரசிகர் மன்றம்' என்று இருந்த பலகைக்கு எதிரே 'அசல் தலைமை ரசிகர் மன்றம்' என்று பால்துரை கட்சியின் பலகை எழும்பியது. மிக்கேலின் பிறந்தநாளுக்கு ஒரே தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றினோம், வெயிலில் போனவர்கள் இரண்டு பக்கமும் குடித்துவிட்டு இரண்டு பக்கமும் வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

பாட்டை விரட்ட எங்கள் கட்சி செய்யாததில்லை. கஸ்பார் வீட்டு அடுக்களையில் பெரிய ஸ்பீக்கராகக் கொண்டுவந்து கிரேன் பாட்டைப் போட்டோம், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அதிர்ந்தது. கிரேன் பாட்டு முடிந்ததும் பார்த்தால், புதுப் பாட்டு கோபமோ சிரிப்போ இல்லாமல் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் கஸ்பாருக்குப் பொறுமை போனது. "இந்தச் சனியன் இந்த வீட்ட விட்டுப் போற வரைக்கும் இங்க ஒரு வாய் சோறு திங்கமாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, துணிமணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு துறைமுகத்து ஓய்வறைக்குப் போய்விட்டார். ரெஜினா வாசல்வரை வந்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரெஜினா நூல் மில்லில் வேலை பார்க்கிறார். கஸ்பாரும் அவரும் பழகியதே காகங்கள் கச்சேரியில்தான், கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு கச்சேரி விட்டது கிடையாது, எங்கள் வீடுகளில் பெண்டாட்டிமாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு நாங்கள் கச்சேரிக்கு ஓடும்போது கஸ்பார் மட்டும் ஜோடியாக வருவார், எங்களுக்கெல்லாம் வயிறு எரியும். அப்படிப்பட்ட வீட்டில் அடுப்பு ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் ஆகிவிட்டது. கஸ்பார் மூன்று வேளையும் பரோட்டாக் கடையில் தின்று இளைத்தார், வீம்புக்காரர், தானாகத் திரும்ப மாட்டார். ரெஜினா மில்லிலிருந்து வந்து அடுக்களையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பாட்டை ஒழிக்காமல் அந்த வீடு ஒன்றுசேராது என்பது எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. நேராக மிக்கேலிடம் போனோம்.

மிக்கேலும் இன்னாசியும் பனியனோடு உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னோம்.

"முடிவு வைக்கல, அதான்" என்றார் மிக்கேல். "கடைசில இன்னாசி தட்டுல ஒரு அடி அடிக்கணும். அன்னைக்கு இவன் அடிக்கல."

"கை போவல" என்றார் இன்னாசி.

"இப்ப வந்து அடிச்சா நிக்குமா அண்ணே?"

இன்னாசி சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டு யோசித்தார். "மொதல்ல எங்க தங்குச்சோ அங்க போயி அடிச்சா எல்லா எடத்துலயும் நிக்கும். ஆனா அந்த வீட்டுக்காரங்க சொல்லணும். சொல்லாம அடிச்சா வெறும் சத்தம்தான் வரும்." அவருக்கு இது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, முப்பது வருடமாகப் பாட்டுகளை முடித்துவைத்தவர் அவர்தானே.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் காகங்கள் வந்தன. தெருவில் அசல் கட்சியும் தலைமைக் கட்சியும் வெயிலில் எதிரெதிரே நின்றன. தங்கள் வீட்டுப் பாட்டும் நின்றுபோகும் என்று பால்துரை கட்சிப் பெண்கள் சிலர் கண் கலங்கினார்கள். இன்னாசி பித்தளைத் தட்டைத் தாங்கியோடு தூக்கிவந்து, கிரைண்டரை ஒதுக்கி, அந்த இடுக்கில் தாங்கியை விரித்து வைத்தார். மிக்கேல் குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டி நின்றார். கஸ்பார் வந்தார், பல நாளைக்குப் பிறகு தன் வீட்டு வாசல்படியை மிதிக்கிற மனுஷன் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றார். ரெஜினா மில் புடவையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடிங்கண்ணே" என்றார் கஸ்பார்.

இன்னாசி குச்சியை எடுத்தார், அடிக்கவில்லை. "வீட்டுக்காரங்கன்னா ரெண்டு பேரும்தான். நீ சொல்லு தங்கச்சி."

"அவள எதுக்கு கேக்குதிய? காகங்க விசயத்துல எனக்கு ஒண்ணு அவளுக்கு ஒண்ணு கெடையாது. கேட்டுப் பாருங்க, ஒரு கச்சேரி விட்டுருப்பாளா?"

ரெஜினா கஸ்பாரைப் பார்க்கவில்லை, இன்னாசியைப் பார்த்துத்தான் பேசினார். "மில்லுல நாள் முழுக்க மிஷின் சத்தம்ணே. வெளிய வந்தாலும் காதுக்குள்ள ஓடிட்டே இருக்கும். கச்சேரிக்கு வரும்போது மில்லுலருந்து பஞ்சு எடுத்துட்டு வருவேன், காதுல வச்சுக்கிடுவேன். தலமுடிய முன்னால இழுத்து விட்டா தெரியாது."

"எல்லாக் கச்சேரிலயுமா?" என்றார் கஸ்பார்.

"எல்லாத்துலயும். நடுவுல மெதுவா ஒரு பாட்டு வரும்லா, அதுக்கு மட்டும் எடுத்துருவேன்."

எது அந்தப் பாட்டு என்று எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை, கஸ்பாருக்கும் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மிக்கேல்தான் சொன்னார். "ஆம்ப்ளிஃபயரு சூடாயிரும். அது ஆறுததுக்காக ஒரு பாட்டு வச்சிருந்தோம், டிரம்ஸு கெடையாது. அது ஆரம்பிச்சா மொத்தக் கூட்டமும் டீக்கடைக்குப் போயிரும். நாற்காலிதான் கெடக்கும். பொம்பள ஆளு ஒண்ணு மட்டும் உக்காந்திருக்கும், யாருன்னு தெரியாது, லைட்டு கண்ணுல அடிக்கும்." கொஞ்சம் தயங்கினார். "இந்த ஆல்பத்துல நாங்க புதுசா ஒண்ணும் பண்ணலப்பா. அந்தப் பாட்டத்தான் நீட்டுனோம்."

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. டீக்கடைக்குப் போனவர்களில் நானும் ஒருத்தன், கஸ்பார்தான் எல்லாருக்கும் டீ சொல்லுவார், ரெஜினாவிடம் எடம் பிடிச்சு வை என்று சொல்லிவிட்டு வருவார், திரும்பிப் போகும்போது ரெஜினா எங்கள் நாற்காலிகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைப்போம்.

கஸ்பார் கிரைண்டர்மேல் கையை ஊன்றிக்கொண்டார். பெரிய உடம்பு, கண்டெய்னரைத் தூக்கி ரயில்மேல் வைக்கிற கை. "இத்தன வருசம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே ரெஜி."

"சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?" என்றார் ரெஜினா.

போயிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தார் கஸ்பார். மனுஷன் முரடர், ஆனால் பொய் வராது.

"தனியா உட்ருப்பீங்க. எனக்கு உங்ககூட வரணும்னு இருந்துச்சு" என்றார் ரெஜினா. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இப்ப வீட்டுக்குள்ளயே வந்து ஒரு பாட்டு இருக்கு, பஞ்சு வைக்காம கேக்குதேன், நீங்க பையத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

இன்னாசிக்குக் கை வலித்திருக்க வேண்டும், குச்சியைத் தாழ்த்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, சீக்கிரம் சொல்லுங்க. அடிக்கவா, மடக்கவா?"

கஸ்பார் ரெஜினாவைப் பார்த்தார். "அவ சொல்லுததுதான்."

"இருக்கட்டும்ணே" என்றார் ரெஜினா.

இன்னாசி தட்டைத் தாங்கியிலிருந்து கழற்றி, வயிற்றோடு அணைத்து, பாத்திரம் பண்டம் எதிலும் படாமல், கைக்குழந்தையைக் கூட்ட நெரிசலில் தூக்கிப் போகிறவர்போல வெளியே கொண்டுபோனார். தெருவில் விஷயம் தெரிந்ததும் பால்துரை கட்சி வெடி வெடித்தது. எங்கள் கட்சி கொதித்தது, பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கட்சியை விற்றுவிட்டார் என்று கத்தியது, அங்கேயே வெயிலில் நின்றபடி கூட்டம் போட்டு கஸ்பாரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. புதுத் தலைவர் யார் என்பதில் மறுபடி அடிதடி வந்து, மன்றம் மூன்றானது தனிக்கதை. பால்துரை அப்போதே தெருவைக் கடந்து வந்து, அசல் மன்றத்தில் துணைத்தலைவர் பதவி தருகிறேன், வாரும் என்று கூப்பிட்டார். "எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கலவே" என்று சொல்லிக் கஸ்பார் கதவைச் சாத்திக்கொண்டார்.

மன்றத்து அறைச் சாவி கஸ்பாரிடம்தான் இருந்தது, அதை வாங்கிவரக் கட்சி என்னை அனுப்பியது. சாயங்காலம் போனேன். கதவு தாழிடாமல் இருந்தது. கூப்பிட நினைத்து, அடுக்களையைப் பார்த்ததும் கூப்பிடாமல் நின்றேன். ரெஜினா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். கஸ்பார் தரையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், அந்த உடம்புக்கு அந்த இடம் போதவில்லை. சங்கிலி உப்பின்மேல் நகர்ந்தது, மிக்கேல் முனகினார், மறுபடி சங்கிலி நகர்ந்தது.

"இதுல எத கேக்கணும்?" என்றார் கஸ்பார்.

"பேசாம இருங்க" என்றார் ரெஜினா.

பேசாமல் இருந்தார். காலை மாற்றிப் போட்டார், முதுகைச் சொறிந்தார், கொட்டாவி விட்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை, கொஞ்சமும் பிடிக்கவில்லை, அது என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. தெருமுனை டீக்கடையில் பாய்லர் விசில் அடித்தது, கஸ்பாரின் தலை வாசல் பக்கம் திரும்பியது, என்னைப் பார்த்தார், ஒரு டீ குடித்துவிட்டு வரலாமா என்று கேட்கிற அதே பழைய முகம். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.